உலர்ந்த உப்புக்குள் நீர்: வாசகர் கேள்வி பதில்

நீரேறிய உப்புகளின் வாய்பாட்டில் வரும் நீர், அந்த உப்பின் மேல் படிந்த ஈரமன்று, அதன் அங்கமே என்று சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இங்கே சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மயில்துத்தப் படிகத்தைத் தொட்டால் உலர்ந்திருக்கிறது, தாளின் மேல் வைத்தால் தாள் நனைவதில்லை. ஆனால் அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான் என்று பாடநூல் கூறுகிறது. இவ்வளவு நீர் இருந்தும் அது ஏன் ஈரமாக இல்லை? அந்த ஐந்து நீர் மூலக்கூறுகளும் ஒரே மாதிரியானவையா?
(பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: ஈரம் என்று நாம் உணர்வது, ஒரு பொருளின் பரப்பில் ஒட்டியோ அதன் நுண்துளைகளில் தேங்கியோ இருக்கின்ற, இடம்விட்டு இடம் நகரக்கூடிய நீரைத்தான். மயில்துத்தத்தில் உள்ள நீர் அந்த வகையைச் சேர்ந்ததன்று. கரைசலிலிருந்து படிகம் வளரும்போதே ஒவ்வொரு நீர் மூலக்கூறும், கட்டப்படும் சுவரில் செங்கல் அமர்வதைப் போல, தனக்குரிய இடத்தில் குறிப்பிட்ட திசை நோக்கி அமர்ந்து, அண்டையிலுள்ள அயனிகளோடு பிணைந்துவிடுகிறது. தாளை நனைக்க வேண்டுமானால் அது அந்த இடத்தை விட்டு வெளியே வர வேண்டும். சாதாரண அறைச் சூழலில் அது அப்படி வருவதில்லை.

நீங்கள் குறிப்பிட்ட பங்கு சரியானதே. மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோல் என்னும் குறிப்பிட்ட எண்ணிக்கையின் நிறை, 249.7 கிராம், அதில் ஐந்து மோல் நீரின் நிறை 90.1 கிராம். அதாவது நூற்றுக்கு 36 பங்கு நீர்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஐந்தும் ஒரே மாதிரியானவை அல்ல. 1934ஆம் ஆண்டில் பீவர்ஸ், லிப்சன் என்னும் இருவர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்தப் படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டறிந்தபோது, ஒவ்வொரு காப்பர் அயனியையும் சுற்றி ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு நீர் மூலக்கூறுகள் இருப்பதும், சதுரத்துக்கு மேலும் கீழும் சற்றுத் தொலைவில் சல்பேட் அயனிகளின் ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதும் தெரியவந்தன. ஐந்தாவது நீர் மூலக்கூறு காப்பரைத் தொடுவதே இல்லை. அது சல்பேட் அயனிகளுக்கும், காப்பரோடு பிணைந்துள்ள மற்ற நீர் மூலக்கூறுகளுக்கும் இடையில், ஹைட்ரஜன் பிணைப்புகளால் நாற்புறமும் பிடிக்கப்பட்டு நிற்கிறது.

வாய்பாட்டில் காப்பர் சல்பேட்டுக்குப் பின் ஒரு புள்ளியும், அதன்பின் ஐந்து என்ற எண்ணும், நீரின் குறியீடும் எழுதுகிறோம் அல்லவா? அந்தப் புள்ளி எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. எது எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. பாடநூல்கள் பெரும்பாலும் புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடுவதால், உப்பு ஒரு பக்கமும் நீர் ஒரு பக்கமுமாக அருகருகே வைக்கப்பட்டிருப்பது போன்ற எண்ணம் மாணவர்களிடம் தங்கிவிடுகிறது. இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பாதிக்குமேல் அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

இடங்கள் வேறு வேறு என்பதைச் சூடாக்கும்போது கண்கூடாகக் காணலாம். மெல்லச் சூடாக்கினால் ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் இரண்டு மூலக்கூறுகளும், 109 டிகிரியை ஒட்டி மேலும் இரண்டும் வெளியேறுகின்றன. எஞ்சிய ஒன்று 200 டிகிரி வரை விடாப்பிடியாக நிற்கிறது. நீல நிறத்துக்குக் காரணம் காப்பர் அயனியைச் சூழ்ந்துள்ள நீர் மூலக்கூறுகளே ஆதலால், அவை போனதும் நிறமும் போய், வெண்ணிறத் தூள் மிஞ்சுகிறது. அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்புவதோடு, சோதனைக்குழாயைப் பிடித்திருக்கும் விரல்களுக்குச் சூடும் தெரியும்.

அந்தச் சூட்டை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வெண்ணிறக் காப்பர் சல்பேட்டை ஒரு மோல் எடுத்து நிறைய நீரில் கரைத்தால் ஏறத்தாழ 66 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. நீலப் படிகத்தை ஒரு மோல் கரைத்தாலோ ஏறத்தாழ 12 கிலோஜூல் வெப்பம் உறிஞ்சப்பட்டுக் கரைசல் சற்றுக் குளிர்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள 78 கிலோஜூல், ஐந்து நீர் மூலக்கூறுகள் தத்தம் இடங்களில் போய் அமரும்போது வெளிப்படும் ஆற்றலாகும். வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரத்துக்கு இவ்வளவு கணக்கு வராது.

கேள்வி: மயில்துத்தத்தில் ஐந்து, அன்னபேதியில் ஏழு, படிகாரத்தில் பன்னிரண்டு, சாதாரண உப்பில் ஒன்றுமில்லை. இந்த எண்களைத் தீர்மானிப்பது எது? மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?
(அறிவியல் ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஓர் உப்பின் பெயரைக் கேட்டவுடன் அதில் எத்தனை நீர் என்று கணித்துச் சொல்லும் எளிய விதி கிடையாது. ஆனால் எண் தெரிந்தபின் அது ஏன் அப்படி என்பதைப் பெரும்பாலும் விளக்கிவிடலாம். வகுப்பறைக்கு அதுவே போதுமானது.

அன்னபேதி எனப்படும் ஃபெரஸ் சல்பேட், எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட், வெள்ளை விட்ரியால் எனப்படும் துத்தநாக சல்பேட் ஆகிய மூன்றிலும் ஏழு நீர் மூலக்கூறுகள் உள்ளன. மூன்றிலும் ஆறு மூலக்கூறுகள் உலோக அயனியை எண்முகி வடிவில் சூழ்ந்து நிற்க, ஏழாவது சல்பேட்டின் பக்கம் ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்கிறது. ஆகவே ஏழு என்பதை ஆறும் ஒன்றும் என்று படிக்க வேண்டும். காப்பர் அயனியின் எலக்ட்ரான் அமைப்பு காரணமாக அதைச் சுற்றியுள்ள எண்முகி ஒரு திசையில் நீண்டுவிடுகிறது. நீண்ட இரு முனைகளிலும் நீருக்குப் பதிலாக சல்பேட் ஆக்சிஜன் வந்து அமர்ந்துகொள்வதால் அங்கே கணக்கு நான்கும் ஒன்றும் என்று ஆகிறது. படிகாரத்தின் பன்னிரண்டில் ஆறு அலுமினியத்தையும் ஆறு பொட்டாசியத்தையும் சூழ்ந்துள்ளன.

ஒரே எண் இருந்தாலும் உள்ளமைப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சலவை சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டிலும் பத்து நீர், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டிலும் பத்து நீர். சலவை சோடாவில் பத்தும் சோடியம் அயனிகளோடு பிணைந்தவை. கிளாபர் உப்பில் எட்டு மட்டுமே சோடியத்தோடு பிணைந்திருக்க, மற்ற இரண்டும் இடைவெளிகளில் ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்கின்றன. இந்த இரண்டு உப்புகளையும் அருகருகே எழுதிக் காட்டினாலே, எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பது மாணவர்களுக்கு விளங்கிவிடும்.

நீரே இல்லாத உப்புகளைப் பொறுத்தவரை, நேர் அயனியின் அளவையும் மின்சுமையையும் பார்க்க வேண்டும். சிறிய அயனி, மிகுந்த மின்சுமை என்றால் நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனையை அது வலுவாக ஈர்க்கும். பெரிய அயனி, ஒற்றை மின்சுமை என்றால் ஈர்ப்பு வலுவற்றது. நீரைச் சேர்த்துக்கொள்வதைவிட நேர் அயனியும் எதிர் அயனியும் நேரடியாக நெருங்கி அடுக்கப்படுவதே அங்கே உறுதியான அமைப்பாகிறது. சோடியம் சல்பேட் பத்து நீருடன் படிகமாகும்போது பொட்டாசியம் சல்பேட் நீரே இல்லாமல் படிகமாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சாதாரண உப்பில் நீர் இல்லை என்பதும் அறை வெப்பநிலைக்கு மட்டுமே பொருந்தும். 0.1 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த செறிந்த உப்புக் கரைசலிலிருந்து, ஒவ்வொரு சோடியம் குளோரைடுக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட ஹைட்ரோஹேலைட் என்னும் படிகம் பிரிகிறது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் எத்தனை நீர் என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி என்றுகூடச் சொல்லலாம்.

கேள்வி: செய்முறை வகுப்பில் மயில்துத்தத்தைச் சூடாக்கி நீரின் எண்ணிக்கையைக் கணக்கிட்டோம். படிகம் வெண்மையானதும் நிறுத்திவிட்டோம். எங்கள் குழுவுக்கு ஐந்துக்குப் பதிலாக 3.6 என்று விடை வந்தது. எங்கே தவறு?
(மாணவர் குழு)

பதில்: உங்கள் விடையே தவறு நடந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சரியான அளவைகளோடு ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். 2.50 கிராம் படிகம் எடுத்து முற்றிலும் நீர் நீக்கினால் 1.60 கிராம் எஞ்ச வேண்டும். போன நீர் 0.90 கிராம், அதை 18ஆல் வகுத்தால் 0.050 மோல். எஞ்சிய 1.60 கிராமை நீரற்ற காப்பர் சல்பேட்டின் மோலார் நிறையான 159.6ஆல் வகுத்தால் 0.010 மோல். ஒன்றை மற்றதால் வகுத்தால் ஐந்து.

இப்போது, நான்கு நீர் மட்டும் போய் ஒன்று தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சும் தூளின் நிறை 1.78 கிராம். அதை நீரற்றது என்று நம்பி அதே கணக்கைப் போட்டால், நீர் 0.04 மோல், உப்பு 0.0111 மோல், விகிதம் 3.6. அதாவது உங்கள் புடக்குகையில் இருந்தது நீரற்ற உப்பன்று, ஒரு நீர் மூலக்கூறைத் தக்கவைத்துக்கொண்ட மோனோஹைட்ரேட். அதுவும் ஏறத்தாழ வெண்மையாகவே தோன்றுவதால் நிறத்தை வைத்து முடிவு செய்தவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

நிறத்தை நம்பாமல் தராசை நம்புங்கள். சூடாக்கி, ஈரம் புகாத டெசிகேட்டரில் வைத்துக் குளிரவிட்டு, எடை பார்த்து, மீண்டும் சூடாக்கி எடை பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரு எடைகள் மாறாமல் நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். திறந்தவெளியில் குளிரவைத்தால் வெண்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு விடையை இன்னும் குறைத்துவிடும். மாறாக, அவசரப்பட்டுச் சுடரை உயர்த்தினால் சல்பேட்டே சிதைந்து, கந்தக ஆக்சைடுகள் வெளியேறி, கறுப்புக் காப்பர் ஆக்சைடு தோன்றும். அப்போது கூடுதலாக இழந்த நிறையும் நீரின் கணக்கில் சேர்ந்து விடை ஐந்தைத் தாண்டிவிடும். தூளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

கேள்வி: சூடாக்கும்போது வெளியேறும் நீர் சாதாரண நீர்தானா? குடிக்கலாமா?
(பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: சாதாரண நீர்தான். ஆய்வகத்தில் சேகரித்த எதையும் குடிக்கக் கூடாது. உப்புத் துகள்களும் புகையும் அதனோடு கலந்து வரும்.

கேள்வி: ஆய்வகத்தில் கண்ணாடி போலிருந்த சலவை சோடாப் படிகங்கள் சில வாரங்களில் வெண்தூளாகிவிட்டன. அதே அலமாரியில் சரியாக மூடப்படாதிருந்த கால்சியம் குளோரைடு நீர்த்துக் கரைசலாகிவிட்டது. ஒரே காற்று ஒன்றை உலர்த்தி, மற்றொன்றை எப்படி நனைத்தது?
(ஆய்வக உதவியாளர்)

பதில்: காற்று இரண்டுக்கும் ஒன்றுதான், உப்புகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வலு வேறு. நீரேறிய ஒவ்வொரு உப்புக்கும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் தனக்கென ஒரு நீராவி அழுத்தம் உண்டு. சுற்றியுள்ள காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் அதைவிடக் குறைந்தால் படிகம் நீரை இழக்கிறது. கிளாபர் உப்புக்கு 25 டிகிரியில் இந்த அழுத்தம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் பாதரசம்; மயில்துத்தத்துக்கு ஏறத்தாழ 8. அதே வெப்பநிலையில் ஈரத்தால் நிறைவுற்ற காற்றில் நீராவியின் அழுத்தம் 24 மில்லிமீட்டரை நெருங்கும். எனவே காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80க்குக் கீழே இறங்கினாலே கிளாபர் உப்பு பூத்து உதிரத் தொடங்குகிறது. மயில்துத்தமோ ஈரப்பதம் 33ஐ ஒட்டி இறங்கும் வரை கலங்காமல் நிற்கிறது. சலவை சோடா முதல் வகையைச் சேர்ந்தது. அது பத்து நீரில் ஒன்பதை விட்டுக்கொடுத்து மோனோஹைட்ரேட்டாகிவிடுகிறது.

கால்சியம் குளோரைடு மறுமுனையில் நிற்கிறது. அதன் நிறைவுற்ற கரைசலின் நீராவி அழுத்தமே மிகவும் குறைவாக, ஈரப்பதம் நூற்றுக்கு 30ஐ ஒட்டிய காற்றுக்குச் சமமாக இருப்பதால், அதைவிட ஈரமான எந்தக் காற்றிலிருந்தும் அது நீரை இழுத்துக்கொண்டே போய், தான் இழுத்த நீரிலேயே கரைந்துவிடுகிறது.

பூத்துப்போன சலவை சோடாவைக் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். நிறை மட்டும் மாறியிருக்கிறது: 286 கிராம் படிகத்தில் இருந்த சோடியம் கார்பனேட் முழுவதும் இப்போது 124 கிராம் தூளில் இருக்கிறது. புட்டியின் மேல் டெகாஹைட்ரேட் (பத்து நீர் கொண்டது) என்றிருப்பதை நம்பி அதே எடையை எடுத்துக் கரைசல் தயாரித்தால், கரைசலின் செறிவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். பாதி பூத்த நிலையிலுள்ள படிகம் இதைவிடத் தொல்லையானது. அதில் எவ்வளவு நீர் என்பதை எடைபோட்டுச் சூடாக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கரைசலின் செறிவை அளக்கும் தரம் பார்த்தல் சோதனைகளில் அன்னபேதிக்குப் பதிலாக மோர் உப்பு எனப்படும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைப் பயன்படுத்துவதற்கும் இது ஒரு காரணம்: மோர் உப்பு தன் ஆறு நீரை எளிதில் இழப்பதில்லை, அதிலுள்ள இரும்பும் காற்றில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை.

கேள்வி: ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் படிகத்தைச் சூடாக்கினால் 48 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. ஓர் அயனிச் சேர்மம் இவ்வளவு குறைந்த வெப்பநிலையில் உருகுமா?
(பட்டப்படிப்பு மாணவி)

பதில்: உருகுவதாகத் தெரிவது, உண்மையில் உப்பு தன்னுடைய படிக நீரிலேயே கரைவதுதான். சோடியம் அசிட்டேட்டை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். நீரற்ற சோடியம் அசிட்டேட் உருக 324 டிகிரி தேவை. மூன்று நீர் கொண்ட அதே உப்பு 58 டிகிரியில் தெளிந்த திரவமாகிவிடுகிறது. அந்தத் திரவத்தைத் தூசு படாமல் ஆறவிட்டால் அறை வெப்பநிலை வரை படிகமாகாமலே கிடக்கும். ஒரு சிறு படிகத் துணுக்கைப் போட்டவுடன் அது நொடிகளில் இறுகி, உறிஞ்சிய வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. கைகளைச் சூடாக்கும் பைகளில் இருப்பது இதுதான்.

எல்லா உப்பும் இவ்வளவு நேர்த்தியாக நடந்துகொள்வதில்லை. கிளாபர் உப்பு 32.4 டிகிரியில் தன் நீரை விடும்போது, அந்த நீர் உப்பு முழுவதையும் கரைக்கப் போதாமல், நீரற்ற சோடியம் சல்பேட் அடியில் தங்கிவிடுகிறது. வெப்பச் சேமிப்புக்கு அதைப் பயன்படுத்த முயன்றவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது இந்த அடிவண்டல்தான். தங்கிய தூளும் மேலே நின்ற நீரும் மறுபடி முழுமையாகச் சேராததால், ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கிடைக்கும் வெப்பம் குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: குரோமியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் என்ற ஒரே பெயரில் ஊதா, நீலப்பச்சை, கரும்பச்சை என மூன்று நிறப் படிகங்கள் உண்டு என்கிறார்கள். பகுப்பாய்வில் மூன்றுக்கும் ஒரே வாய்பாடுதான் வருகிறது. இது எப்படி?
(வேதியியல் பட்டப்படிப்பு மாணவர்)

பதில்: இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொண்டவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். வாய்பாட்டிலுள்ள புள்ளி எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

மூன்றிலும் ஒரு குரோமியம், மூன்று குளோரின், ஆறு நீர். ஆனால் குரோமியத்தை நேரடியாகச் சூழ்ந்துள்ள ஆறு இடங்களில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஊதா நிறப் படிகத்தில் ஆறு இடங்களிலும் நீர். மூன்று குளோரைடும் வெளியே தனி அயனிகளாக உள்ளன. நீலப்பச்சைப் படிகத்தில் ஒரு குளோரைடு உள்ளே நுழைந்து ஒரு நீரை வெளியேற்றியிருக்கிறது. கரும்பச்சையில் இரண்டு குளோரைடுகள் உள்ளே, நான்கு நீர் உள்ளே, இரண்டு நீர் வெளியே. கடைகளில் வாங்கும் புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இந்தக் கரும்பச்சை வடிவமே. உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்துள்ள அணைவுச் சேர்மங்களின் அமைப்பை விளக்கி 1913இல் நோபல் பரிசு பெற்ற ஆல்ஃபிரட் வெர்னரின் கொள்கையே இத்தகைய சேர்மங்களுக்குப் பொருள் கொடுத்தது.

இதை எளிதாகச் சோதிக்கலாம். குளிர்ந்த நீரில் புதிதாகக் கரைத்த கரைசலோடு சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்தால், வெளியே உள்ள குளோரைடு மட்டுமே உடனடியாக வெள்ளை வீழ்படிவாகும். ஒரு மோல் ஊதா உப்பு மூன்று மோல் சில்வர் குளோரைடையும், நீலப்பச்சை இரண்டையும், கரும்பச்சை ஒன்றையும் தரும். புதிதாக, குளிர்ந்த நீரில் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: கரைசலை வைத்திருந்தால், உள்ளே இருந்த குளோரைடின் இடத்தை நீர் மெல்லப் பிடித்துக்கொள்ள, பச்சை நிறம் நீலப்பச்சை வழியாக ஊதாவை நோக்கி நகரும், வீழ்படிவின் அளவும் நேரத்தோடு கூடிக்கொண்டே போகும்.

நீரையும் இதே போல் எண்ணலாம். செறிந்த கந்தக அமிலம் வைத்த மூடிய கலத்தில் மூன்றையும் வைத்தால், கரும்பச்சை உப்பு இரண்டு நீரையும், நீலப்பச்சை ஒன்றையும் இழக்கின்றன. ஊதா எதையும் இழப்பதில்லை. குளோரைடை எண்ணிய சோதனையும் நீரை எண்ணிய சோதனையும், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே அமைப்பைச் சுட்டிக்காட்டுகின்றன. வாய்பாடு ஒன்றாக இருந்தும் நீரின் இடத்தால் அமைப்பு வேறுபடும் இந்த வகைக்கு நீரேற்ற மாற்றியம் என்று பெயர்.

கேள்வி: எந்த நீரேறிய உப்பையும் சூடாக்கி நீரற்றதாக்கிவிடலாமா?
(தொழிற்பயிற்சி மாணவர்)

பதில்: முடியாது. நீரேறிய மக்னீசியம் குளோரைடைத் திறந்த கலத்தில் சூடாக்கினால், கடைசியாக எஞ்சும் நீர் மூலக்கூறுகள் தனியாக வெளியேறாமல் குளோரைடுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக அதையும் கொண்டுபோய்விடுகின்றன. மிஞ்சுவது ஹைட்ராக்சி குளோரைடு, இன்னும் சூடாக்கினால் மக்னீசியம் ஆக்சைடு. அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டின் கதையும் இதுவே. அதனால்தான் மக்னீசியம் குளோரைடை ஹைட்ரஜன் குளோரைடு வாயு ஓட்டத்தில் வைத்து உலர்த்துகிறார்கள். சுற்றிலும் அந்த வாயு நிறைந்திருந்தால் சிதைவு தடுக்கப்படுகிறது.

கேள்வி: பாரிஸ் சாந்தில் அரை மூலக்கூறு நீர் என்கிறார்கள். மூலக்கூறைப் பாதியாக வெட்ட முடியுமா? தூள் நீர் பட்டதும் ஏன் கல்லாகிறது?
(சிற்பக்கலை பயில்பவர்)

பதில்: யாரும் எதையும் வெட்டவில்லை. இரண்டு கால்சியம் சல்பேட் அலகுகளுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்பதையே ஓர் அலகுக்கு அரை என்று எழுதுகிறோம்.

நீரேறிய கால்சியம் சல்பேட் கனிமமான ஜிப்சத்தில் ஓர் அலகுக்கு இரண்டு நீர். நிறையில் நூற்றுக்கு 21 பங்கு. 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்கும்போது அதில் ஒன்றரை பங்கு வெளியேறிப் பாரிஸ் சாந்து கிடைக்கிறது. அதில் நீர் சேர்த்தால் போன ஒன்றரை திரும்பி வருகிறது. சாந்து சிறிது கரைந்து, அந்தக் கரைசலிலிருந்து ஜிப்சம் ஊசி ஊசியாகப் படிகமாகி, ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கலவை இறுகுகிறது. இறுகும்போது அது சூடாவதையும், அச்சின் நுணுக்கமான கோடுகள்கூடப் பதியும் அளவுக்குச் சற்றே விரிவதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். இந்த நீர்க் கணக்கை முதலில் தெளிவாக்கியவர்களில் ஒருவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். ஜிப்சம் பற்றிய கட்டுரையை 1765இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் படித்தபோது அவருக்கு 21 வயது.

உங்கள் தொழிலுக்குப் பயன்படும் சில செய்திகள்: 100 கிராம் தூள் ஜிப்சமாக மாறத் தேவையான நீர் 18.6 கிராம் மட்டுமே. கலவை ஓட வேண்டும் என்பதற்காக நாம் ஊற்றும் மீதி நீர் முழுவதும் பின்னர் ஆவியாகி, வார்ப்பில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. எனவே நீர் கூடக் கூட வார்ப்பு வலுவிழக்கும். பழைய வார்ப்பின் துகள்கள் கலவையில் விழுந்தால் அவை வித்துப் படிகங்களாகி வெகு விரைவில் இறுகச் செய்துவிடும். பாத்திரத்தைக் கழுவாமல் மறுபடி கலப்பவர்கள் இதை அறிவார்கள். தூளைத் தயாரிக்கும்போதே மிகையாகச் சூடாக்கி நீர் முழுவதையும் விரட்டிவிட்டால், பிறகு நீர் ஊற்றினாலும் இறுகாத செத்த சாந்துதான் கிடைக்கும். தீத்தடுப்புக்காக ஜிப்சப் பலகை பதிப்பதும் இந்த நீரை நம்பித்தான்: நெருப்பின் வெப்பம் முதலில் படிக நீரை வெளியேற்றுவதில் செலவாகிறது, அதுவரை பலகையின் மறுபக்கம் அதிகம் சூடேறுவதில்லை.

ஜிப்சம் எவ்வளவு பெரிதாக வளரும் என்று அறிய விரும்பினால், மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் 2000ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட குகையைப் பற்றித் தேடிப் படியுங்கள். 58 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் மிக மெதுவாக வளர்ந்த ஜிப்சப் படிகங்கள் அங்கே 11 மீட்டர் நீளம் வரை கிடக்கின்றன. அந்த வெப்பநிலைக்கு மேலே நீரற்ற வடிவமும் கீழே ஜிப்சமும் நிலையானவை. எல்லைக்குச் சற்றே கீழே நீண்ட காலம் நின்றதால்தான் புதுப் படிகங்கள் அதிகம் தோன்றாமல், தோன்றிய சிலவே பெரிதாகிக்கொண்டு போயின.

கேள்வி: மாத்திரை உறையில் அமாக்சிசிலின் ட்ரைஹைட்ரேட், 500 மில்லிகிராம் அமாக்சிசிலினுக்குச் சமம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்தச் சுற்றுவழி எதற்கு?
(மருந்தாளுநர் பயிற்சி பெறுபவர்)

பதில்: மருந்தாக வேலை செய்வது அமாக்சிசிலின் மூலக்கூறு, தொழிற்சாலையில் எடைபோடப்படுவதோ மூன்று நீரோடு கூடிய அதன் படிகம். 365.4 கிராம் அமாக்சிசிலினுக்கு 419.5 கிராம் ட்ரைஹைட்ரேட் வேண்டும் என்பதால், 500 மில்லிகிராம் என்று சொல்ல 574 மில்லிகிராம் போட வேண்டியிருக்கிறது. இரண்டு எண்களும் குழம்பிவிடாமல் இருக்கவே அந்த வாசகம்.

நீர் சேர்ந்த வடிவம் பெரும்பாலும் நீரற்ற வடிவத்தைவிடக் குறைவாகவே நீரில் கரையும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெப்பைன் மாத்திரைகளை ஈரமான இடத்தில் வைத்தால், மருந்து டைஹைட்ரேட்டாக மாறி மாத்திரை இறுகி, உடலில் கரைவது குறைந்துவிடும். அவற்றை ஈரமில்லாத இடத்தில் வைக்கும்படி வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: படிக நீரின் எண்ணிக்கை பிற்காலத்தில் திருத்தப்பட்டது உண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: உண்டு. மக்னீசியம் சல்பேட் கரைசலை உறைநிலையை ஒட்டிக் குளிர்வித்தால், எப்சம் உப்பைவிடக் கூடுதல் நீர் கொண்ட ஒரு படிகம் பிரிகிறது. 1837இல் வேதியியலாளர் ஃபிரிட்ஷே அதை விவரித்த காலத்திலிருந்து, அதில் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகள் என்றே நூல்கள் எழுதிவந்தன. 2006இல் அதன் படிக அமைப்பு தீர்மானிக்கப்பட்டபோதுதான் எண் பதினொன்று என்று உறுதியானது. குளிர்ந்த கரைசலிலிருந்து எடுத்த படிகத்தில் ஒட்டியிருக்கும் நீரை எடையால் மட்டும் பிரித்தறிவது எளிதன்று. இரண்டு டிகிரி செல்சியஸை ஒட்டியே இந்தப் படிகம் சிதைந்து, எப்சம் உப்பாகவும் கரைசலாகவும் பிரிந்துவிடுவதால் அதைக் கையில் எடுத்து ஆராய்வதும் கடினம். 2007இல் இயற்கைக் கனிமமாக ஏற்கப்பட்ட இதற்கு, செவ்வாய்க் கோளிலுள்ள மெரிடியானி சமவெளியின் பெயரைத் தழுவி மெரிடியானைட் என்று பெயரிட்டார்கள். செவ்வாயின் சல்பேட் படிவுகளில் இது இருக்கலாம் என்ற கருத்தே அந்தப் பெயருக்குக் காரணம்.